சைலன்சர் வலையும் சங்கிலிமுத்துவின் பெயரும்

ஆமத்தூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் அருணாதேவிக்குப் பெரியப்பா சோலைச்சாமி எழுதுவது. நானும் உன் பெரியம்மாவும் இங்கே குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அயர்லாந்து மழையில் நனையாமல் வேளைக்குச் சாப்பிட்டு ஆஸ்பத்திரி வேலையைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனைக் காதில் வைத்தால் என் வாய் ஒன்றுக்கு நாலாகச் சொல்லிவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு மகேஷ்குமார் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான், அவன் படித்தாலும் படிக்கட்டும்.

உன் அப்பா விட்டுப்போன டீசல் வேன் தீபாவளி லோடு சமயத்தில் கரும்புகை தள்ளியதும், ஏற்றத்தில் இழுக்காமல் திணறியதும், நின்ற இடத்தில் குலுங்கியதும் உனக்குத் தெரியும். நான் சும்மா இருப்பேனா, புகையின் நிறத்தைப் பார்த்தே கோளாறைச் சொல்லுகிற ஆள் யார் என்றால் சாத்தூர் வரைக்கும் என்னைத்தான் காட்டுவார்கள். வெள்ளை என்றால் டீசல் எரியவில்லை, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் மூச்சு பத்தவில்லை. ஏர் பில்டரைத் தட்டினேன், டீசல் பில்டரை மாற்றினேன், டீசல் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றி விருதுநகருக்குக் கொண்டுபோனேன், அங்கே கடைக்காரர் எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டார், நாற்காலி இல்லை ஸ்டூல்தான், ஆனால் போட்டார். நாசில்கள் நன்றாகத்தான் இருந்தன. நான் கை வைத்தும் புகை நிற்கவில்லை என்றால் கோளாறு வண்டியில் இல்லை, ஓட்டுகிறவனிடம்தான் என்று தீர்மானித்துவிட்டேன். தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனி கேட்டில், லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாரும் பார்க்க, ஏலே, டீசலை விற்றுவிட்டு மண்ணெண்ணெயா ஊற்றுகிறாய் என்று டிரைவர் சங்கிலிமுத்துவைக் கேட்டேன். அவன் சாவியை பானட்டின் மேல் வைத்துவிட்டு நடந்தே போனான். அன்றைக்கே உனக்குப் போன் போட்டு, அவன் வீட்டில் மண்ணெண்ணெய் கேன்களைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். பார்க்கவில்லை மகளே. அவன் தெருப்பக்கமே நான் போனதில்லை. அந்தப் பேச்சை நம்பித்தான் நீ அவனுக்கு, இனி வண்டியைத் தொட வேண்டாம் என்று வாய்ஸ் அனுப்பினாய். உன்னை நர்சிங் காலேஜுக்கும் ஏர்போர்ட்டுக்கும் கொண்டுபோய் விட்டவனுக்கு.

போன வாரம் மெக்கானிக் இசக்கிப்பாண்டி வேனைப் பார்க்க வந்தான். பட்டாசுக் கம்பெனிக்குள் போகிற வண்டிக்கெல்லாம் சைலன்சர் வாயில் தீப்பொறி தடுக்கிற வலை மாட்ட வேண்டும் அல்லவா, அதை மட்டும் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணினான். வண்டி குலுங்கவே இல்லை, புகையும் இல்லை. வலைக்குள் இன்னொரு வலை, மாவு சலிக்கிற சல்லடை மாதிரி நெருக்கமானது, கண் தெரியாமல் கரி அடைத்துக் கிடந்தது. இது எந்த அறிவாளி வேலை என்று கேட்டான். நான் தொண்டையைச் செருமினேன். ஒரு வலைக்கு இரண்டு வலை போட்ட வண்டி சிவகாசி வட்டாரத்திலேயே நம்முடையதுதான் என்று கேட்டில் பெருமை பேசுவதற்காக, சீசனுக்கு முன்னால் வெல்டரிடம் சொல்லி உள்ளே வைத்தது நான்தான். வைக்கும்போதே சங்கிலிமுத்து வேண்டாம் என்றான், ஓட்டுகிறவனுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு இப்போது டிரைவர் வேலை யாரும் கொடுப்பதில்லை, கேட்ட இடத்தில் எல்லாம் மண்ணெண்ணெய்க்காரன் நீதானே என்கிறார்களாம், லோடு தூக்கப் போகிறான். அவன் பெண்சாதி முருகம்மாள் என் முகத்தைப் பார்க்காமலே தண்ணீர் கொடுத்தாள். நான் வலை விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவன், "அம்புட்டுப் பேரு முன்னால திருடன்னீக மொதலாளி. இல்லங்குறத மட்டும் வாசப்படியில வந்து மெதுவாச் சொல்லுதீக" என்றான். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை காலை லோடு நேரத்தில் அதே கேட்டில் போய் நின்றேன். முதலில் என் வாய், மதுரையிலிருந்து இன்ஜினியர் வந்து கண்டுபிடித்தார் என்றுதான் ஆரம்பித்தது. சங்கிலிமுத்து தலையில் அட்டைப்பெட்டியோடு நின்று என்னையே பார்த்தான். அப்புறம், அவன் களவாங்கவில்லை, அந்த வலையை வைத்தது நான், கேன் பார்த்தேன் என்று உன்னிடம் சொன்னதும் பொய் என்று உரக்கச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சாவியை நீட்டினேன், வாங்கவில்லை. "வண்டி பாப்பாவோடது. தொடாதன்னு சொன்னதும் பாப்பாதான். அது சொல்லட்டும்" என்றான்.

அதனால் நீ அவனிடம் பேச வேண்டும் மகளே. ராத்திரி டூட்டி முடிந்து வந்து தூங்கினாலும் இடையில் எழுந்து பேசு. தைப் பொங்கலுக்கு லீவு கேள், ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே, உன் பெரியம்மா அனுப்பிய பருப்புப் பொடியை வண்டு வருவதற்குள் தின்று முடி. நல்ல இடத்தில் கல்யாணமாகி, நோய்நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் வாழ வேண்டும். மறந்துவிடாதே, சங்கிலிமுத்து சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவான், நம் ஊர் ஏழு மணி, உனக்கு மத்தியானம் ஒன்றரை. அவன் திருடன் என்று நான் சொன்னபோது ஒரு கேள்வி கேட்காமல் நம்பினாய், இதையும் அப்படியே நம்பு.

உன் பெரியப்பா,
மு. சோலைச்சாமி