கடைசித் தாளில் இருந்த கையெழுத்து

சேசு மரி சூசை
ராயபுரம், 4.8.2025

அன்பு மகன் பென்னிக்கு அப்பா சிலுவைமுத்து எழுதுவது.

நான் எழுதிக் கொடுத்த பழுதுகளை மறைத்துவிட்டு, என் கையெழுத்தை மட்டும் காட்டி, வீட்டைக் குறையில்லாமல் ஒப்படைத்ததாக பில்டர் ஆபீஸில் சாதிக்கிறார்கள். இது ஏமாற்று.

சனிக்கிழமை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் நம் புது ஃபிளாட்டுக்குச் சாவி வாங்கப் போனேன். குளியலறையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன். அது துளைப் பக்கம் போகாமல் வாசலைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போயிற்று. ஐந்து ரூபாய் நாணயத்தால் தரையைத் தட்டினேன். ஒன்பது டைல்ஸ் அடியில் சிமெண்ட் இல்லை. பால்கனிக் கதவின் கீழ் விரல் நுழைகிறது. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் கட்டில் வரை வரும்.

சைட் இன்ஜினியர் அபின், "இதெல்லாம் இன்னா பெரிய மேட்டரு பெரிசு, சைன் போட்டுக்கினு சாவிய வாங்கு" என்றான்.

துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் டாலி கிளார்க். கப்பல் சரக்கை எண்ணி, உடைந்த பெட்டியை உடைந்தது என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அதன் பிறகு பதில் சொல்ல வேண்டியவன் அனுப்பினவன். அதே வழக்கத்தில், ஒப்படைப்புப் படிவத்தில் முதல் தாளின் பின்பக்கம் பழுதுகளை எழுதிவிட்டுக் கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கினேன். இன்று கேட்டால் கடைசித் தாள் மட்டும்தான் அவர்களிடம் இருக்கிறதாம்.

நீ அவர்களைக் கேள்.

அன்புடன்,
அப்பா


தம்மாம், சவூதி, 9.8.2025

அன்புள்ள நைனாவுக்கு பென்னி எழுதுவது. இங்கே நலம். மாத்திரையை விடாதீர்கள்.

உங்கள் மருமகள் ஜானட் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினாள். பில்டர் ஆபீஸில் பேசினேன். அப்படி ஒரு தாளை யாரும் பார்க்கவில்லை என்கிறார்கள். எழுத நினைத்து மறந்திருப்பீர்கள். சண்டை வளர்ந்தால் மின் இணைப்பை இழுத்தடிப்பார்கள் என்று பயந்து, "நைனாவுக்கு வயசாயிடுச்சு, அவர் சொல்றதப் பெரிசா எடுக்காதீங்க" என்று நானே சொல்லிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

ஜானட்டுக்கு ஏழாம் மாதம். செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாளுக்கு ஃபாதரை அழைத்து வீட்டை மந்திரித்துக் குடிபோய்விடலாம். உங்களுக்கும் ஓர் அறை இருக்கிறது. சாவியை அவளிடம் கொடுங்கள்.

பணிவுடன்,
பென்னி


ராயபுரம், 13.8.2025

பென்னிக்கு,

வயது எழுபத்திரண்டு. மறதி இல்லை.

அன்று எழுதும்போது தாளுக்கு அடியில் கார்பன் வைத்திருந்தேன். என் சட்டைப் பையில் அது எப்போதும் இருக்கும். "இதுல ஒரு கையெழுத்து வை தம்பி" என்றேன். அபின் படிக்காமலே வைத்தான். நகலில் அதுவும் பதிந்திருக்கிறது. உனக்கு முதலிலேயே சொல்லவில்லை. தாளைக் காட்டாமல் என் சொல்லை நம்புகிறாயா என்று பார்த்தேன். பார்த்துவிட்டேன்.

அவர்கள் கிழித்தது ஒரு தாளை. நீ என்னை ஒன்றும் தெரியாத கிழவனாக்கிக் கொடுத்தாய்.

நகலை ஜானட்டிடம் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், "தண்ணி பெட்ரூமுக்கு வருதுன்னா நான் எப்டி மாமா நடப்பேன்? அவரு இத்த என்கிட்ட சொல்லவேல்லியே" என்றாள். உன் கடிதத்துக்கு அவள் பதில் அதுதான்.

இனி நடக்க வேண்டியது. அபின் குளியலறைத் தரையை உடைத்துச் சரிவை மாற்ற வேண்டும். பில்டர் ஒன்பது டைல்ஸையும் பெயர்த்துப் புதிதாகப் பதிக்க வேண்டும், பால்கனிக் கதவை இறக்கி மாட்ட வேண்டும். மின் இணைப்புக்கு நான் போய் வரிசையில் நிற்பேன். பயம் உனக்கு வேண்டாம். ஃபாதர் மாதா பிறந்தநாள் தாண்டியும் காத்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஜானட் வாசலில் நிற்க வேண்டும், நான் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுவேன். அது துளைக்குள் போனால் சாவி அவள் கையில்.

நீ அந்த ஆபீஸுக்கு, "என் நைனா எழுதிக் கொடுத்தது உண்மை" என்று உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். எனக்கு ஒரு நகல் வர வேண்டும். அது வரும்வரை அந்த அறைக்கு என் பெட்டி வராது.

சிலுவைமுத்து