சாவி போட்டும் எரியாத விளக்கு

மார்ச் 4

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். வசவுகளை மட்டும் விட்டுவிடுகிறாள். அதனால் மாப்பிள்ளையைப் பற்றி எழுதும் நாளில் பக்கம் நிறைவதில்லை.

இன்று அவனுடைய விமானக் கொட்டகைக்குப் போயிருந்தேன். நாலு பேர் உட்காரும் சின்ன விமானம். மேலே பறந்து நிலங்களைப் படம் பிடித்து விற்கிறான். அவன் முதலாளி, ஓட்டுவது என் மகள். முன்பலகையில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. பேட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை என்று சொல்லுகிற விளக்காம். மாப்பிள்ளை என்ன செய்தான்? கறுப்பு டேப்பைக் கிழித்து அதன் மேல் ஒட்டினான்.

"கண்ணை உறுத்துது மாமா."

கல்யாணமான புதிதில் வீட்டுக் குழாய் ஒழுகியது. அடியில் வாளியை வைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்றவன் இவன். வாளி நிறைந்ததும் பெரிய வாளி வாங்கி வந்தான்.

மகளிடம் சொன்னேன். டேப்பைப் பிய்த்து அவன் சட்டையிலேயே ஒட்டினாள். பழுது பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்றாள்.

மார்ச் 9

சரி செய்துவிட்டானாம். அவனே சொன்னான். வேறு யாரும் சொல்லவில்லை.

மார்ச் 15

இன்று நானும் விமானத்தில் போனேன். இந்த வயதில் என்னை ஏன் ஏற்றினார்கள்? விமானம் ஆடாமல் பறக்கப் பின்னால் கனம் வேண்டுமாம். மணல் மூட்டை கிடைக்கவில்லை, மாமனார் கிடைத்தான்.

மேலே போய்க் கொஞ்ச நேரத்தில் ரேடியோ கரகரத்தது. மின்சாரத்தைக் காட்டும் முள் கீழே படுத்திருந்தது. மகள் அதைப் பார்த்தாள்; ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தாள். மிச்சமிருக்கும் பேட்டரி, தரையிறங்கும்போது ரேடியோவில் பேச வேண்டுமாம். எஞ்சினும் நின்றுவிடுமா என்று கேட்டேன்.

"நிக்காதுப்பா. அதுக்கு வேண்டிய தீப்பொறியை அதுவே உண்டாக்கிக்கும். நீங்க கொஞ்சம் பேசாம இருங்க."

மாப்பிள்ளையோ கேமராவை விமானத்து மின்சாரத்தில் சொருகிக்கொண்டு, இன்னும் ரெண்டே வரிசைப் படம்தான் என்றான். பேட்டரி சாகிறது, துரை படம் எடுக்கிறார். அவள் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வயரைப் பிடுங்கினாள்.

விமான நிலையம் தெரிந்ததும் ரேடியோவைப் போட்டாள். பாதி வாக்கியத்தில் அது செத்தது. நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சுற்றிப் பறந்தாள். அங்கிருந்து பச்சை விளக்குக் காட்டினார்கள், இறங்கலாம் என்று. வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்னால் விரிய வேண்டிய பலகைகள் மின்சாரமில்லாமல் விரியவில்லை. ஓடுபாதை முடிந்து, வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றோம். மாப்பிள்ளை முதலில் கேமராவைத் தடவிப் பார்த்தான்.

மெக்கானிக் முன்பலகையைத் திறந்தார். பழுது பழுதாகவே இருந்தது. சிவப்பு விளக்கின் பல்பைத்தான் காணோம். யாரும் பிய்க்க முடியாத டேப் கண்டுபிடித்திருக்கிறான், கெட்டிக்காரன்.

மகள் என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னாள்.

"சாவி போட்டதும் அது ஒரு தடவை எரியணும்ப்பா. எரியல. பார்த்தேன். அவர்தான் சரி பண்ணிட்டேன்னாரேன்னு கிளம்பிட்டேன்."

மார்ச் 17

நடந்ததை மகள் விமானத் துறை அதிகாரிகளுக்கு எழுதித் தர வேண்டும். மாப்பிள்ளை வந்தான். பல்பு தானாகப் போனது என்று எழுதினால் போதுமாம், யாருக்கும் சேதமில்லையாம். உண்மையை எழுதினால் அவன் கம்பெனி மூடும். விளக்கு எரியாததைப் பார்த்தும் எடுத்ததற்காக அவள் லைசென்சும் போகும்.

"நீங்க சொன்னா கேப்பா மாமா."

"நீ சொன்னதைக் கேட்டுத்தான் வேலிகிட்ட போய் நின்னா" என்றேன்.

தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். ஒரு டம்ளர் தண்ணீர் மிச்சம்.

மார்ச் 18

உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டாள். தான் பார்த்ததையும் சேர்த்து. ஏண்டி, உன்னையும் ஏன் மாட்டிவிட்டுக்கிட்ட என்று கேட்டேன்.

ஏப்ரல் 2

ஆறு மாதம் அவள் பறக்கக் கூடாதாம். கொட்டகைக்குப் பூட்டு. விமானத்தைத் தான்தான் இறக்கியதாக மாப்பிள்ளை சொல்லித் திரிகிறான். தலை வாரிக்கொண்டு சொல்கிறானாம்.

ஏப்ரல் 5

மகள் பெட்டியோடு வந்திருக்கிறாள். கோபமா, ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போவாயா என்று கேட்டேன்.

"கோபமெல்லாம் இல்லப்பா. குழம்புல உப்பு போட்டாச்சுன்னு அவர் சொன்னாக்கூட இனிமே நான் நக்கிப் பார்ப்பேன். அப்படி ஒரு வீட்ல எப்படி இருக்கிறது?"

அவனைத் திட்ட வாயெடுத்தேன். ஒன்றும் வரவில்லை.

உள்ளேயிருந்து மருமகளைக் கூப்பிடுகிறாள். அலமாரியில் பாதி வேண்டுமாம். எழுதியது போதும்மா. போய் ஒதுக்கிக் கொடு.