நாயை ஏற்றாத பஸ்

அன்புள்ள அம்மாவுக்கு, ராஜபாண்டி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பாவுக்குச் சளி விட்டதா? போனில் சொன்னால் என் குரலே உன்னைப் பயமுறுத்தும் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று குடோனுக்கு லீவு. போலந்து எல்லைக்குப் போய், உக்ரைன் போருக்குத் தப்பி வருகிறவர்களுக்கு சூப் ஊற்றிக் கொடுத்தேன். குண்டு விழும் இடமில்லை, பயப்படாதே. ஒக்ஸானா என்றொரு பெண் தன் கிழட்டு நாயைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்தே வந்தாள். பஸ் டிரைவர் நாயை ஏற்ற மாட்டேன் என்றான். தெரிந்த போலிஷில் கெஞ்சிப் பார்த்தேன். ஆத்திரத்தில் நம் பேச்சே வந்துவிட்டது.

"ஏண்டா, இம்புட்டுக்காணு நாயி ஏறுனா ஒம் பஸ்சு கவுந்துருமா?"

அவன் கதவைச் சாத்திவிட்டான்.

நான் வேறு வண்டி பிடித்துக்கொண்டு வருவதற்குள், அவள் நாயோடு எல்லையைத் தாண்டித் திரும்பிப் போய்விட்டாள். போர் நடக்கும் ஊருக்கே, அம்மா! உதவி செய்ய அத்தனை பேர் நின்றோம். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

சுண்டவற்றல் கொஞ்சம் அனுப்பு. எனக்கு வேலை முடியும்போது உனக்கு நடுச்சாமம். போன் அடித்தால் தூக்கத்திலிருந்தாலும் எடும்மா. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உன் மகன்,
ராஜபாண்டி