அளப்பதற்கு முன் ஊற்றியது

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் நலம். உன் வீட்டில் எல்லாரும் சுகம்தானே? போனில் விஷயத்தைச் சொன்னால் "பாத்துக்கலாம்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

வண்டி மறுபடியும் ஆயில் கேட்கிறது. நேற்று ஒரு கல்யாண ஜோடியை ஏற்றிக்கொண்டு போகிறேன், மேம்பாலத்தின் நடுவில் டாஷ்போர்டில் ஆயில் விளக்கு மஞ்சளாக எரிகிறது. ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, டப்பாவைச் சாய்த்தேன். மாப்பிள்ளை இறங்கி வந்து, "ஏங்க, இவ்ளோ பெரிய வண்டிக்கு இதெல்லாம் நீங்களேவா ஊத்தணும்?" என்று கேட்டான். சிரித்து மழுப்பினேன். மூன்று வாரத்தில் இது நாலாவது டப்பா. டிக்கியில் பெட்டி வைக்க இடமில்லை. விமான நிலையத்தில் ஏறுகிறவர்கள் ஆயில் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்.

பள்ளி வேன் ஓட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தவள் நான். "செகண்ட் ஹேண்டுதான், ஆனா எங்க ஷோரூமே செக் பண்ணி விக்குது. கண்ண மூடிட்டு வாங்குக்கா" என்று சொன்னவன் நீ. கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன். இந்த ஒரு வண்டியில்தான் என் வீடு ஓடுகிறது. வாரண்டி மே 31 வரைதான் இருக்கிறது. அதற்குள் இன்ஜினைத் திறந்து சரிசெய்து தரச் சொல்.

உன் மருமகள் "மாமா எப்ப வருவாரு?" என்று கேட்கிறாள். உனக்குத்தான் வழியே மறந்துபோயிற்றே.

அன்புடன்,
அக்கா

மார்ச் 11

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் படித்தேன். எதிரே நின்று காதைத் திருகியது போல இருந்தது. கோபப்படாதே. இந்த ரக வண்டிகள் எல்லாமே பயில்வான்கள். வேகம் அதிகம் என்றால் சாப்பாடும் அதிகம்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை குடித்தால் கம்பெனி கணக்கில் அது நார்மல்.

உன் ஊர்க் கிளையிலேயே வண்டியைக் கொடுத்து, ஆயில் டெஸ்ட் போடச் சொல். பழைய ஆயிலை எடுத்துவிட்டுப் புதிதாக அளந்து ஊற்றுவார்கள். மூடியிலும் அடியில் உள்ள போல்ட்டிலும் பெயிண்ட் வைத்து சீல் போடுவார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தால், மிச்சத்தை வடித்து எடை போட்டு எவ்வளவு குறைந்தது என்று சொல்வார்கள். நடுவில் நீ மூடியைத் தொடவே கூடாது.

ஆனால் பயப்படாதே. இரண்டு வருஷத்துக்கு முன் பழைய ஓனர் காலத்திலேயே நம் ஒர்க்‌ஷாப்பில் இதே டெஸ்ட் நடந்திருக்கிறது. 0.6 லிட்டர் என்று ஃபைலில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் உன்னை வாங்கச் சொன்னேன். உனக்குப் போய் நான் ஓட்டை வண்டியைத் தலையில் கட்டுவேனா?

ஒரு நல்ல செய்தி. என்னை சர்வீஸ் மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். கண்ணாடி அறை, சுழல் நாற்காலி. இனி கையில் கிரீஸ் இல்லை. நீதான் முதலில் சந்தோஷப்படுவாய் என்று தெரியும்.

உன் தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

மேனேஜர் ஆனதற்குச் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். மற்றதைக் கேள்.

நீ சொன்னபடியே டெஸ்ட்டுக்குக் கொடுத்தேன். எழுநூறு கிலோமீட்டரிலேயே விளக்கு எரிந்துவிட்டது. மூடியைத் தொடவில்லை. அங்கேயே நிறுத்தி, இழுவை வண்டி வரவழைத்து, கிளைக்குக் கொண்டுபோனேன். எடை போட்டார்கள். ஒன்றேகால் லிட்டரைக் காணோம்.

இனி செய்து தருவார்கள் என்று நினைத்தேன். அங்கே வாரண்டி பார்க்கிறவர் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர், கெட்ட மனுஷன் இல்லை. உன் ஊர் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "ரெண்டு வருஷம் முன்னாடி இன்ஜின் நல்லா இருந்திருக்கும்மா. எங்க டெஸ்ட்டே சொல்லுது. அப்ப கெட்டது உங்க கைலதான். கண்ட ஆயில ஊத்தியிருப்பீங்க, வாடகைக்கு விரட்டியிருப்பீங்க. அப்பவே குறை இருந்ததுன்னு ஒரு பதிவு இருந்தா, உடனே திறந்து செஞ்சு குடுத்திருப்பேன்."

என் கையிலாம்! நான் வண்டியை எப்படி ஓட்டுவேன் என்று உனக்குத் தெரியும். வேனில் நாற்பது பிள்ளைகளைப் பதினோரு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய் விட்டவள் நான்.

வீட்டுக்கு வந்து, ஆத்திரத்தில் வண்டியின் காகிதங்களையெல்லாம் கொட்டித் தேடினேன். சர்வீஸ் புத்தகத்தின் உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டி நம்பர், பழைய டெஸ்ட் தேதி. அதன் கீழே: "குறைவு 1.5. அளக்கும் முன் 0.9 ஊற்றவும்."

வயிறு பெருத்த அந்த 5 யாருடையது தம்பி? உன் வீட்டுப்பாட நோட்டில் பார்த்துப் பார்த்துத் திட்டியிருக்கிறேன். தயவுசெய்து வேறு யாரோ எழுதியது என்று சொல். நம்பத் தயாராக இருக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 17

அன்பு அக்காவுக்கு,

நான் எழுதியதுதான்.

அந்த மாதம் இதே ரகத்தில் பதினோரு வண்டி வந்தது. எல்லாம் ஆயில் குடித்தன. அப்போது நான் வெறும் மெக்கானிக். பழைய மேனேஜர் கூப்பிட்டு, "எல்லா இன்ஜினையும் திறந்தா கம்பெனி நம்ம கடைய மூடிடும். ஒரு லிட்டருக்குள்ள காட்டு" என்றார். வடிப்பதற்கு முன் கொஞ்சம் ஊற்றிவிட்டு எடை போட்டோம். பதினோரு ஃபைலிலும் 0.6, 0.7 என்று எழுதினேன். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கிறுக்கிய சீட்டுகளைக் கிழித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், உனக்கு வண்டி பார்த்தபோது இது ஞாபகத்தில் இல்லை. ஃபைலைத் திறந்தேன். 0.6 என்று இருந்தது. "அடடா, நல்ல இன்ஜின்" என்று சந்தோஷப்பட்டேன். நான் எழுதிய பொய்யை நானே நம்பி உன் தலையில் கட்டிவிட்டேன். இதை யாரிடம் சொல்லி அழுவது?

அந்தச் சீட்டைக் கிழித்துவிடு. கையெடுத்துக் கும்பிடுகிறேன். இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ரிப்பேர் செலவை மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து அனுப்புகிறேன். கண்ணாடிக்காரரிடம் மட்டும் காட்டிவிடாதே.

உன் தம்பி

மே 2

தம்பிக்கு,

உன் சம்பளம் எனக்கு வேண்டாம். உன் பிள்ளைகளுக்குச் செலவு செய்.

நாலு வரி எழுதிக் கொடு, போதும். "அந்த டெஸ்ட் தவறு. அன்றைக்கே இன்ஜினில் குறை இருந்தது." அவ்வளவுதான். நான் சீட்டைக் காட்டினால் அது திருடனைப் பிடித்துக் கொடுத்த மாதிரி. நீயே சொன்னால் தப்பை ஒத்துக்கொண்ட மனுஷன். அதனால்தான் யாரிடமும் காட்டாமல் உனக்காகக் காத்திருக்கிறேன்.

நாற்காலி போகலாம். போகட்டுமே! தொழில் உன் கையில் இருக்கிறது. எந்த ஒர்க்‌ஷாப்பும் உன்னை விடாது. எனக்கு வண்டி போனால் என்ன இருக்கிறது, சொல். வாடகைக்குக் கூப்பிடுகிறவர்கள் இப்போதே குறைந்துவிட்டார்கள். "உங்க வண்டி நடுவழியில நிக்குமாமே" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள்.

அதோடு, மற்ற பத்து வண்டிகளை யார் ஓட்டுகிறார்களோ. அவர்களுக்கும் என்னைப் போல ஒரு குடும்பம் இருக்கும். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது, உனக்கு ஒன்றும் ஆகவில்லையா?

மே 31. மறந்துவிடாதே. தினமும் தபால் பார்க்கிறேன்.

அக்கா

ஜூன் 2

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

பொருள்: இன்ஜின் ஆயில் அதிகம் செலவாவது குறித்த தங்கள் புகார்.

தங்கள் புகார் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. எங்கள் பதிவேடுகளின்படி, மேற்படி வாகனம் முந்தைய பரிசோதனையில் நிர்ணயிக்கப்பட்ட அளவுக்குள் இருந்துள்ளது. எனவே தற்போதைய குறைபாடு பயன்பாட்டினால் ஏற்பட்டதாகக் கருதப்படுகிறது. மேலும், வாகனத்தின் வாரண்டி காலம் மே 31 உடன் நிறைவடைந்துவிட்டது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.

கட்டண அடிப்படையில் தங்களுக்குச் சேவை செய்ய எப்போதும் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
சர்வீஸ் மேனேஜர்

ஜூன் 14

சர்வீஸ் மேனேஜர் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. உறையில் முகவரி டைப் அடித்திருந்ததால் ஏதோ விளம்பரம் என்று நினைத்து இரண்டு நாள் பிரிக்காமலே போட்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் வாசலில் உன் கடிதத்தைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. வண்டியை உதிரிபாகத்துக்குக் கொடுத்துவிட்டேன். பள்ளியில் போய்க் கேட்டேன், வேனுக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இப்போது ஒரு மரச்சாமான் கடையில் சரக்கு வண்டி ஓட்டுகிறேன். இறக்கி ஏற்றவும் வேண்டும்.

கண்ணாடிக்காரர் என்னைத் தேடிக்கொண்டு கடைக்கே வந்தார். "நீங்க ஏப்ரல்லயே புகார் குடுத்துட்டீங்கம்மா, அதனால இப்பவும் வழி இருக்கு. பழைய டெஸ்ட் தப்புன்னு காட்ட ஏதாச்சும் எழுத்துல இருந்தா குடுங்க, நானே மேலிடத்துக்கு அனுப்புறேன். வண்டி போனாலும் நஷ்ட ஈடு கிடைக்கும்" என்றார். சீட்டு என் கைப்பைக்குள்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து, "ஒண்ணும் இல்லைங்க சார்" என்றேன். "அப்ப உங்க ஓட்டுற விதம்தான்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

வண்டி போனதைக்கூட விடு. உன் பொய்யில் என்னையும் கூட்டுச் சேர்த்துவிட்டாயே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தச் சீட்டை இதனுடன் வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை, போட்டோ எடுக்கவில்லை. நீயே கிழித்துக்கொள். இனி என்னிடம் நீ பயப்பட ஒன்றுமில்லை. என்னைத் தேடி வரவும் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்