குழாயில் வந்த காற்று

ஜம்பு,

மூன்று வருஷமாக நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். திட்டிக்கொண்டாவது முழுதாகப் படி.

கட்கியில் நாம் எடுத்த தண்ணீர்ப் படத்தில், குழாயைத் திறந்ததும் வெறும் காற்று உஸ்ஸென்று வர, அம்சா அக்கா குடத்தோடு விழுந்து விழுந்து சிரித்தாரே! அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தவன் நீ. கட்சிக்காரர்களின் தேர்தல் விளம்பரத்துக்காக அதை அழித்துப் பாட்டைப் போட்டவன் நான். தண்ணீர் வந்த சந்தோஷத்தில் அக்கா சிரிப்பதுபோல் ஆகிவிட்டது. மைக்கைத் தூக்கிக்கொண்டு நீ ஊரின் மறுகோடியில் இருக்கும் ஹடப்சருக்குப் போய்விட்டாய்.

இந்தத் தேர்தலுக்கும் அதே சிரிப்பைக் கேட்டார்கள். இந்த முறை அக்காவிடம் அனுமதி கேட்கப் போய், போனில் அந்த விளம்பரத்தைப் போட்டுக் காட்டினேன்.

"நான் எதுக்குச் சிரிச்சேன்னு உனக்குத் தெரியும்ல? பக்கத்துலதானப்பா நின்ன?" என்றார். பிறகு சாய் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, நீ பதிவு செய்த சத்தத்தை மறுபடி சேர்த்து அவர்களுக்கு அனுப்பிவிட்டேன். அதன்பிறகு அவர்கள் கூப்பிடவில்லை. இப்போது நானே சமைக்கிறேன், மத்தியானம் நன்றாகத் தூங்குகிறேன். கொஞ்சம் தொப்பைகூட வந்திருக்கிறது.

போன ஞாயிறு அக்காவின் சந்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி முழுப் படத்தையும் போட்டோம். உஸ்ஸென்றதும் சந்தே சிரித்தது. அக்கா மட்டும் திரும்பி, "சத்தம் புடிச்ச தம்பி வரலையா?" என்று கேட்டார்.

"ஊர்ல இல்லக்கா" என்று சொல்லிவிட்டேன்.

வரும் ஞாயிறும் போடுகிறோம். நான் சொன்ன அந்த ஒரு பொய்யை நீ வந்துதான் அழிக்க வேண்டும்.

உன் பழைய காமிராக்காரன்