இடது தொடையின் அளவு

12-1-1968, வெள்ளி

மதியம் பனியன் கம்பெனியில் சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சடுகுடு ஆட்டத்தில் பிசகிய இடது முழங்கால் மறுபடியும் வீங்கியிருக்கிறது. அங்கே கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா முழங்கால் மூட்டை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. கட்டிங் மேஜையிலிருந்து அப்படியே போனதால் என் கழுத்தில் டேப் கிடந்தது. அதை வாங்கி இரண்டு தொடைகளையும் அளந்தார். இடது தொடை ஒன்றரை அங்குலம் இளைத்திருக்கிறது. நாளெல்லாம் வலது காலிலேயே நின்று துணி வெட்டியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் அளவு பார்க்கிற எனக்கு இது தெரியவில்லை.

“எண்ணெய் தேய்ச்சா வலி மட்டுந்தானுங்க போகும். மூட்டைத் தாங்கறது தொடைங்க. வலி நின்னதும் ஆடப் போயிடறீங்க, அதுதான் திரும்பத் திரும்ப வருது. கால்ல மணல் பை கட்டித் தூக்கிப் பழகுங்க. இந்தப் பொங்கலுக்கு ஆட்டம் வேண்டாமுங்க” என்றார்.

சரிங்க என்றேன்.

திரும்பி வந்து டீம் கேப்டன் பழனிச்சாமியிடம் சொன்னேன். சற்று நேரத்தில் அவர் ஒரு புது ஆளோடு என் வீட்டுக்கு வந்தார்.

“உங்களுக்குப் பதிலா இவன் ஆடறானுங்க. ஒரு பனியன் வெட்டிக் குடுத்துருங்க.”

டீம் பனியனெல்லாம் நான் வெட்டுவதுதான். அளந்தேன். மார்பும் தோளும் உயரமும் அப்படியே என் அளவு.

“புதுசு வேண்டாமுங்க” என்று பெட்டியிலிருந்த என் பனியனை எடுத்துக் கொடுத்தேன். அவன் கும்பிட்டு வாங்கிக்கொண்டான். எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

சாப்பிட்டேன். மணல் பையைக் கட்டிக் காலைத் தூக்கினேன். அவனை அளந்த டேப் இன்னும் என் கழுத்தில்தான் கிடக்கிறது.