கோப்பைத் திறந்து பார்த்தவளுக்கு

நேற்று மத்தியானம் நம் ஆய்வகத்துக் கணினித் திரையில் உன் குரல் வந்தது.

புரதங்களின் வடிவக் கோப்புகளை இணையத் தளத்திலிருந்து மொத்தமாக இறக்கும் நம் பழைய நிரலை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கணினித் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியை. உன் ஊர்க்காரி, ஸ்ரீவில்லிபுத்தூர். கோப்புகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. நாற்பதாவதோ என்னவோ, ஓட்டம் நின்றது. திரையில் ஒரு வரி: "தொறந்து பாரு ஏட்டி."

அவள் சிரித்துவிட்டாள். "ஐயோ மேடம், கம்ப்யூட்டர் நம்ம ஊர்ப் பேச்சு பேசுது! யாரு எழுதுனது இதை?"

"நான்தான். சும்மா விளையாட்டுக்கு" என்றேன்.

சொன்ன பிறகு அன்று முழுவதும் எதுவும் ஓடவில்லை. அந்த வரியை எழுதியவள் நீ. உன்னை அதை எழுத வைத்தது நான் செய்த ஒரு தவறு. இரண்டையும் ஒரே சொல்லில் மூடிவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஆரம்பத்தில் நாம் கையால்தான் இறக்கினோம். ஒவ்வொரு புரத வடிவத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து நான்கே குறிகள் கொண்ட ஓர் அடையாளம். அதைத் தட்டி, காத்திருந்து, சேமித்து, அடுத்ததற்குப் போக வேண்டும். நான் சேமித்ததும் நகர்ந்துவிடுவேன். நீ திறந்து பார்ப்பாய். உள்ளே அணுவுக்கு ஒரு வரி, அது எந்த இடத்தில் நிற்கிறது என்று மூன்று எண்கள். அப்படி ஆயிரக்கணக்கான வரிகள். நீ கடைசி வரி வரைக்கும் இறங்கிப் போய்விட்டுத்தான் மூடுவாய்.

"இதுல என்னட்டி பாக்குதே? படமாப் போட்டா தெரியப்போகுது."

"படத்தை எல்லாரும் பாப்பாக. கூப்பிட்டவுக அம்புட்டுப் பேரும் வந்துட்டாகளான்னு வாசல்ல ஒருத்தி நின்னு பாக்கணும்ல."

எனக்கு அவசரம். முனைவர் பட்டப் பதிவுக்குக் கிடைத்த கடைசி நீட்டிப்பும் முடியப்போகிறது. அந்தத் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஏழு வருஷ உழைப்பு வெறும் காகிதம். இருநூற்று எண்பத்தாறு வடிவங்கள் வேண்டும். இணையத்தில் பாடம் பார்த்துப் பார்த்து நானே ஒரு நிரல் எழுதினேன். பட்டியலைக் கொடுத்தால் தானே போய்க் கேட்டு வாங்கிவந்து அடுக்கிவிடும். நீ ஒன்றே ஒன்றுதான் சொன்னாய், ஒவ்வொரு கோப்புக்கும் நடுவில் ஒரு நொடி நிறுத்து என்று.

"ஒரே மூச்சுல கேட்டா அங்கன இருக்கது திணறாதா? நாம மட்டுமா கேக்கோம், உலகமே வரிசையில நிக்குது."

"அஞ்சு நிமிஷம் வீணாப் போகும்."

"போனாப் போவுது. அதுக்குள்ள போய் ஒரு காப்பி குடி. குடிக்காம நாயாட்டம் கொலைச்சுக்கிட்டே இருக்கே. ராஜபாளையத்துக்காரின்னு காட்டுதியாக்கும்."

காப்பி குடித்துவிட்டு வந்தோம். கோப்புறையில் இருநூற்று எண்பத்தாறு கோப்புகள். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஒன்றையும் நான் திறக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, கணக்கெல்லாம் முடிந்து நான்காவது இயலும் எழுதி முடித்த பிறகு, ஒரு மத்தியானம் நீ கூப்பிட்டாய். "ஏட்டி, செத்த இங்க வா." அளவு வாரியாக அடுக்கியிருந்தாய். மேலே பதினோரு கோப்புகள், எல்லாம் ஒரே அளவில், பொடிசு பொடிசாக. திறந்தாய். உள்ளே ஒரு அணுகூட இல்லை. 'நீங்கள் கேட்ட கோப்பு இங்கே இல்லை' என்ற பதில் மட்டும். அந்தப் பதிலைத்தான் என் நிரல் புரதத்தின் பெயர் போட்டுப் பத்திரமாகச் சேமித்திருந்தது.

நீதான் காரணத்தையும் தேடிப் பிடித்தாய். அந்தப் பதினொன்றும் பட்டியலிலேயே மிகப் பெரியவை. நான் கேட்ட பழைய கோப்பு முறையில் அத்தனை அணுக்களை எழுத இடம் கிடையாது. தளம் அவற்றைப் புதிய முறையில் மட்டும்தான் வைத்திருந்தது. பெரியவை எல்லாம் வெறும் கையோடு வந்து நின்றன. என் கணக்கும் சத்தமில்லாமல் அவற்றைத் தாண்டிப் போயிருந்தது. பெரிய வடிவங்களைப் பற்றி நான்காவது இயலில் நான் அடித்துச் சொல்லியிருந்தது அத்தனையும் அவற்றைப் பார்க்காமலே சொன்னது.

பத்தொன்பது நாள்தான் இருந்தது. அப்போது நான் சொன்னேன்: "நான் முடிச்சிருவேன்னு உனக்குப் பொறுக்கல."

மாமியார் படுத்த படுக்கையானபோது உன் ஆய்வை இரண்டாம் வருஷத்திலேயே விட்டவள் நீ. அது தெரிந்துதான் சொன்னேன். எங்கே வலிக்கும் என்று தெரிந்து அங்கேயே அடித்தேன். நீ கோப்பை மூடினாய், பையை எடுத்தாய், போய்விட்டாய்.

நம் நிறுத்தம் உனக்குத் தெரியாததா? கல்லூரி இரண்டு ஊருக்கும் நடுவில். சாயங்காலம் நான் ராஜபாளையம் போகும் பக்கம் நிற்பேன், நீ ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பக்கம். நடுவில் லாரிகள் போகப் போக, மிச்சப் பேச்சைக் கத்திக் கத்திப் பேசுவோம். உன் பஸ் முதலில் வந்தால் ஏறமாட்டாய். கூட்டம் என்பாய், டிரைவர் சரியில்லை என்பாய். நான் ஏறிய பிறகு வரும் பஸ் எதுவானாலும் உனக்குச் சரியாக இருக்கும்.

அன்றும் நீ எதிர்ப் பக்கம்தான் நின்றாய். நான் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் பஸ் ஒன்று வந்தது, போனது. அது நகர்ந்ததும் பார்த்தால் நீ சாலையைக் கடந்து என் பக்கம் வந்துகொண்டிருந்தாய்.

"பொறாமைதான். இல்லேன்னு யாரு சொன்னா? ஆனா பதினோரு பைலும் வெறுமையா இருக்கு. அதுக்கும் என் பொறாமைக்கும் என்னட்டி சம்பந்தம்?"

நான் அழுதேன். நீ அழவில்லை. "நாளைக்கு ஒம்போது மணிக்கு வாரேன். சோறு கொண்டாராதே, நான் கொண்டாரேன். உங்க வீட்டுப் புளிக்குழம்ப வச்சுக்கிட்டு பத்தொம்பது நாள் தள்ள முடியாது" என்றாய்.

பதினொன்றையும் புதிய முறையில் இறக்கினோம். பிறகு மொத்தத்தையும் திறந்தோம். நீ அடையாளத்தை வாசிப்பாய், கடைசி வரி வரை போவாய், "இருக்கு" என்பாய், நான் தாளில் குறிப்பேன். இருநூற்று எண்பத்தாறு "இருக்கு". அப்போதுதான் நிரலில் அந்தச் சோதனையைச் சேர்த்தாய். வந்த கோப்பில் அணு வரி ஒன்றுகூட இல்லையென்றால் ஓட்டம் நின்று, திரையில் உன் ஏச்சு வரும். கணக்கு மாறியது. நான்காவது இயலின் பெரிய முடிவு விழுந்து, அந்த இடத்தில் சின்னதாக ஒன்று வந்தது. அது உண்மையாக இருந்தது. கெடுவுக்கு முந்தின நாள் ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

நன்றியுரைப் பக்கத்தை நான் தனியாக இருந்து எழுதினேன். நெறியாளருக்கு ஒரு பத்தி, வீட்டுக்கு ஒரு பத்தி. கடைசியில் 'துறைத் தோழிகளுக்கும்' என்று ஒரு சொல். உன் பெயரை எழுதினால் எதற்காக என்று எழுத வேண்டும். எதற்காக என்று எழுதினால் பதினோரு வெற்றுக் கோப்புகளை எழுத வேண்டும். நெறியாளரிடம்கூடத் தரவைக் கொஞ்சம் விரிவாக்கினேன் என்றுதான் சொல்லியிருந்தேன்.

பைண்டிங் ஆகி வந்ததும் நீ முதலில் திறந்தது அந்தப் பக்கத்தைத்தான். நீ எதைத்தான் திறக்காமல் விட்டாய்?

"துறைத் தோழிகளா? ஏட்டி, நம்ம துறையில எனக்குத் தெரியாம இன்னொருத்தி இருக்காளா?"

சிரித்தாய். நானும் சிரித்தேன். வாய்மொழித் தேர்வு முடியட்டும், பிறகு உட்கார்ந்து சொல்லலாம் என்று நினைத்தேன். தேர்வு முடிந்தது. பிள்ளைகளின் பரீட்சை விடைத்தாள் திருத்த வந்தது, கோடை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவள், மதுரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாய். உனக்கு நான் சொல்ல வேண்டிய இரண்டு சொற்களும், மன்னிப்பும் நன்றியும், என்னிடமே நின்றுவிட்டன.

அதன் பிறகு எத்தனை சாயங்காலம் அந்த நிறுத்தத்தில் நின்றிருப்பேன். லாரி மறைத்து விலகும்போதெல்லாம் எதிர்ப் பக்கம் பார்க்கிறேன். வாயில் பாதிப் பேச்சு இருக்கிறது.

இன்று காலை முதல் வகுப்புக்கு முன்னால் நிரலைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி சேர்த்தேன். உன் பெயர், பிறகு 'வெற்றாக வந்த பதினோரு கோப்புகளைக் கண்டுபிடித்தவள். சோதனை வரிகள் அவள் எழுதியவை'. முன்னால் குறி போட்ட அந்த மாதிரி வரியைக் கணினி படிக்காது, தாண்டிப் போய்விடும். திறந்து பார்க்கிறவர்கள் கண்ணுக்கு மட்டும் படும். உனக்கு அது போதும் என்று தோன்றியது. எனக்குப் போதவில்லை.

சாயங்காலம் அந்தப் புது ஆசிரியை எதிர்ப் பக்கம் நின்றாள், நீ நிற்கும் வேப்பமரத்துக்குக் கீழேயே. என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் சாலையைக் கடந்தேன்.

"என்ன மேடம், இந்தப் பக்கம்? எங்க ஊருக்கா?"

"இல்லம்மா. நேத்து நான்தான் எழுதுனேன்னு சொன்னேன்ல, அது பொய். எழுதுனவ வேற."

"யாரு மேடம்?"

உன் பெயரைச் சொன்னேன். பதினொன்றையும் சொன்னேன், உனக்குப் பொறாமை என்று நான் சொன்னதையும் சொன்னேன். அவள் பஸ் வந்தது. "அடுத்ததுல போறேன், நீங்க சொல்லுங்க" என்றாள். சாலைக்கு அந்தப் பக்கம் ராஜபாளையம் வழியாகப் போகும் சேத்தூர் பஸ் வந்து, ஆளில்லாத என் இடத்தில் நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான் விட்டுவிட்டேன்.